படத்தின் ஓரத்தில் தெரியும் முழங்கை

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவேன். இந்த முறை தாவ முடியாது. 'இருவரும்' என்று நான் எழுதுவதையே நீங்கள் நம்பப்போவதில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் ரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் விசாரிக்கத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது ஏறியிருந்தால் காரணம் நான்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் தங்கையை எப்போது கைவிட்டாய், ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போது எந்த முகவரியில் இருக்கிறாய் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நீங்கள் கடிதம் போட்ட அதே முகவரியில்தான் இருக்கிறேன், கதவைத் திறந்து தபால்காரரிடமிருந்து அதை வாங்கியதும் நான்தான். மாதக் கடைசி ஞாயிறன்று காரை எடுத்துக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போய்விடப் போவதாக அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள், மச்சான். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்குள் போனால் விட்டுப்போய்விடும்.

நீங்கள் மாதாமாதம் நன்கொடை அனுப்புகிற சங்கத்தின் ஆண்டு மலர் உங்களுக்கு வந்திருக்கிறது. அதன் நடுப்பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் சிரிக்கிறார். கீழே, "உற்றாரும் கைவிட, நான்கு சுவர்களே துணையென வாழும் இந்த மூதாட்டியின் முகத்தில் உங்கள் அன்பால் மலர்ந்த புன்னகை" என்று போட்டிருக்கிறது. அது உங்கள் தங்கைதான், மறுக்கவில்லை. அவளுக்கே அந்த வரியில் வருத்தம்தான். ஆனால் 'கைவிட' என்பதில் இல்லை, 'மூதாட்டி' என்பதில்தான். "இதை எழுதின சங்கத்து அம்மாவுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட, என்னைப் போய் மூதாட்டின்னு போட்டிருக்காங்க" என்று மூன்று நாள் புலம்பினாள். இப்போது படத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஒரு முழங்கை தெரிகிறதா? அது என்னுடையது. சட்டை, போன வருடம் நீங்கள் வாங்கிக்கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை. கைவிட்டவனின் கை எப்படி ஐயா படத்துக்குள் வரும்? கம்பளியின் மறுமுனை தரையில் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு முழங்கால் அறுவை நடந்தது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, நாங்கள் நாலாவது மாடியில் இறங்கி, லிஃப்ட் கதவு மூடியது. அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவேயில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டால், பழுது பார்க்க ஆகும் செலவை மேல்மாடிக்காரர்கள் ஏற்க வேண்டும் என்று கீழ்மாடிக்காரர்களும், எல்லாரும் பங்கு போட வேண்டும் என்று மேல்மாடிக்காரர்களும் சொல்லிச் சொல்லி, கடைசியில் நல்ல காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். உங்கள் தங்கை படி இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆக அவள் மேலேயே தங்கிவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, கீழே தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போய்த் தானே காய் பொறுக்கி, கடைக்காரரோடு பேரம் பேசி வாங்க வேண்டும் என்பது. நான் வாங்கிவருவது அவளுக்குப் பிடிப்பதில்லை. எடை அளவு ஆய்வாளராகவே காலம் தள்ளியவன் நான், என்னைக் கண்டாலே கடைக்காரர் தராசைத் துடைத்துவைத்து அளப்பார். எடை எப்போதும் சரியாக இருக்கும். காய்தான் சரியாக இருக்காது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முன்பு டைல்ஸ் கடை இருந்த இடத்தில்தான் உங்கள் சங்கம் இருக்கிறது. தங்கமான மனிதர்கள். ஒரே சிக்கல், இந்த வட்டாரத்தில் உதவி செய்ய ஆசைப்படுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், உதவி வாங்கிக்கொள்ளத்தான் ஆள் அகப்படுவதில்லை. பின்தெருவில் கஷ்டப்படுகிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவர்களுக்கு இரண்டு வேலை பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது, உட்கார்ந்து ஆறுதல் வாங்கிக்கொள்ள ஒழிவதில்லை. தொண்டர்கள் புதுச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாகக் கீழே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நாலாவது மாடியில், இறங்க முடியாமல், வயதான ஓர் அம்மாள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலையே ஒருங்கிணைப்பாளர் அம்மா மேலே வந்துவிட்டார். இவர் முன்பு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். இன்றைக்கும் யாரோடு பேசினாலும் அவர்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தது போலத்தான் பேசுவார்.

"தனியாவாம்மா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க, தனியாத்தான் இருக்கேன்" என்றிருக்கிறாள் உங்கள் தங்கை.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பால்கனியில், பத்து அடி தள்ளி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் காதில் விழத்தான் செய்தது. டிவி என்று நினைத்துவிட்டேன். அவர் போன பிறகு விஷயம் தெரிந்து, "நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், தனியா இருக்கேன்னு எப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "நீங்க இருந்தாலும் பேப்பருக்குப் பின்னாடிதானே இருக்கீங்க. அவங்க கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன். அப்படித்தான் தோணுச்சு, சொன்னேன்" என்றாள். அதில் கோபம் துளியும் இல்லை, மச்சான். கோபம் இருந்திருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரிந்திருக்கும்.

மறுநாளே கீழே போய்த் திருத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் செருப்பு மாட்டுவதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார், நான் சங்கடப்பட்டுப் பால்கனிக்கு நழுவிவிட்டேன். இவர் சங்கத்தில் சிரிப்புத் தொண்டர். நாளெல்லாம் பயந்த வாய்களையே பார்த்து அலுத்துப்போய், சிரிக்கிற வாய்களைப் பார்க்க வேண்டும் என்று தொண்டுக்கு வந்தவர். கையில் ஜோக்குகளை எழுதிவைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் படிப்பார், நடுவில் தானே சிரித்துவிடுவார், மறுபடி முதலிலிருந்து படிப்பார். அவர் படுகிற பாட்டைப் பார்த்து உங்கள் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் விடாமல் வாய்க்குள்ளே எட்டிப் பார்த்து, "மேல்வரிசையில கடைசிப் பல்லை ஒரு நாள் கவனிக்கணும்மா" என்றார். அறுவைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சரி, அடுத்த வாரம் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். அந்த அடுத்த வாரம்தான் இன்னும் வரவில்லை.

அதன் பிறகு எங்கள் வீடு கடைத்தெருவாகிவிட்டது. காலையில் ஒருவர் வந்து மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார், அதுவரை நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. மதியம் ஒருவர் வந்து சத்தமாகக் கதை படித்தார். சாயங்காலம் இருவர் வந்து, யார் முதலில் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வது என்று வாசலிலேயே வாக்குவாதம் செய்தார்கள். ஆளுக்கொரு கை பிடித்துக்கொள்ளலாம் என்று உங்கள் தங்கைதான் பஞ்சாயத்து பண்ணி வைத்தாள். யார் வந்தாலும் நான் பால்கனியில் பதுங்கிக் கதவைச் சாத்திக்கொள்வேன், ஏனென்றால் சங்கத்தின் விதிப்படி தனித்து வாழ்கிறவர்களுக்கு மட்டும்தான் வருகை. என்னைப் பார்த்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் என்ன சார் என்று சைகையில் கேட்டார், வீட்டில் விருந்தாளி என்று சைகையிலேயே சொன்னேன்.

கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கிற முதலாளிதான் சங்கத்தின் பெரிய நன்கொடையாளர். நல்ல பருமன், நல்ல மனசு, இரண்டையும் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து ஒரு கம்பளி கொடுத்தார். வெயில் கொளுத்துகிற காலம். வாங்கி மடித்து அலமாரியில் வைத்தோம். நன்கொடையாளர் தன் பொருள் பயன்படுவதைப் பார்க்க வருவார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் திடீரென்று வந்து, "கம்பளி எங்கம்மா?" என்றார். அலமாரியில் இருக்கிறது என்றதும் அந்த மனிதரின் முகம் வாடிப்போன விதத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் போர்த்திக்கொண்டிருப்பீர்கள். அன்றிலிருந்து மாடிப்படியில் அவருடைய மூச்சிரைப்பு கேட்டதும் அவள் போர்த்திக்கொள்ள வேண்டியது, நான் பால்கனிக்கு ஓட வேண்டியது. படம் எடுத்த நாளில் காற்றாடி சுற்றினால் கம்பளி அலைபாய்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். அவள் முகத்தில் மின்னுவது உங்கள் அன்பால் மலர்ந்த ஒளி இல்லை, வியர்வை.

இவ்வளவு பேர் வந்தார்களே, யாராவது அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா என்றால், கேட்டார்கள், அதைக் குறை சொல்லக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் அம்மா நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "உங்க மனசுல உள்ள ஆசை என்னம்மா, கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றார். இவளும் கூச்சப்படாமல், கீழே போய்க் காய் வாங்க வேண்டும் என்றாள். அதற்கு லிஃப்ட் ஓட வேண்டும் என்றும் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "லிஃப்ட் நம்ம திட்டத்துல வராதும்மா, நாம மனநலம் மட்டும்தான் பார்க்கறோம்" என்றார். பின்னால் விசாரித்தபோது பல் டாக்டர் எனக்கு விளக்கினார்: லிஃப்டுக்குச் செலவழித்தால் நன்கொடையாளருக்கு என்ன படம் அனுப்புவது? லிஃப்ட் சிரிக்காதே. நியாயம்தான்.

ஆனாலும் ஆசையை நிறைவேற்றாமல் விடக் கூடாது என்று, மறுவாரம் காய்கறிக் கடைக்காரரையே தொண்டராகச் சேர்த்து, கூடையோடு மேலே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உங்கள் தங்கைக்கு முகமெல்லாம் பல். கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, "கத்திரிக்காய் என்ன விலை?" என்றாள்.

"விலை எல்லாம் இல்லம்மா, சும்மாதான். எடுத்துக்குங்க."

"சும்மான்னா எவ்வளவு?"

"சும்மான்னா சும்மாதாம்மா. சேவை."

அவள் ஒரு கத்திரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சொத்தை" என்றாள். அவரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு வேறொன்று கொடுத்தார். கடையில் என்றால் அந்தச் சொத்தைக்காக அரைமணி நேரம் வாதாடியிருப்பார். இவளுக்குச் சப்பென்று போய்விட்டது. கடைசியில், இவ்வளவு எதற்கு, பாதியைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்று இவளும், முழுதும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவரும் கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு பண்ணினார்கள். அது ஒரு மாதிரி பேரம்தான், இருந்தாலும் தலைகீழ்ப் பேரம். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கத்திரிக்காய் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

நான் அகப்பட்டுக்கொண்டது அடுத்த வெள்ளிக்கிழமை. குளியலறையில் குழாய் வாஷர் போய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது, அதோடு மல்லுக்கட்டி, தலை முதல் கால் வரை நனைந்து, கையில் வாளியோடு வெளியே வந்தால் கூடத்தில் ஒருங்கிணைப்பாளர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். "யார் இது?" என்றார். என் வாயில் "குழாய்" என்று மட்டும் வந்தது. "ஓ, குழாய் ரிப்பேருக்கு வந்தவரா" என்றார். நான் உங்கள் தங்கையைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள். "நல்ல மனுஷன்தாங்க. கூப்பிட்டா வரமாட்டார், கூப்பிடாதப்போ வந்து நிப்பார்" என்றாள். அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. வயதான காலத்திலும் உழைக்கிறீர்களே, உங்களைப் போன்றவர்கள்தான் சேவைக்கு வர வேண்டும் என்று பாராட்டி, அங்கேயே என்னைத் தொண்டராகச் சேர்த்துவிட்டார். போகிற போக்கில் சங்க அலுவலகத்தில் ஒழுகுகிற குழாயையும் பார்க்கச் சொன்னார். அதை நான் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் எனக்குத் தெரியும், அது இன்னும் ஒழுகுகிறது.

தொண்டர்களுக்குக் கேட்டல் பயிற்சி என்று ஒன்று உண்டு. அதாவது, தனிமையில் இருப்பவர் பேசும்போது எப்படிக் கேட்பது என்று சொல்லித்தருவார்கள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. கையில் பேப்பர், புத்தகம், போன் எதுவும் இருக்கக் கூடாது. அவர் முடிக்கிற வரை பேசக் கூடாது, முடித்த பிறகு அவர் கடைசியாகச் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சியில் நான் இரண்டு முறை தோற்றேன். அறிவுரை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை தேறியதும் நீல நிறத்தில் கையில்லாத மேல்சட்டை ஒன்றைக் கொடுத்து, செவ்வாயும் வெள்ளியும் நாலாவது மாடி அம்மாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வேறு யாரையாவது கொடுங்கள் என்று கேட்டேன். வேறு யாரும் இல்லை என்றார்கள்.

அப்படியாக, மச்சான், நான் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, அழைப்புமணி அடித்து, என் மனைவியைப் பார்க்க உள்ளே போனேன். முதல் நாள் எப்படிச் செய்கிறேன் என்று பார்க்க ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் கூடவே வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டார். உங்கள் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றேன்.

"கால் வலிக்குது சார்."

"கால் வலிக்குதா உங்களுக்கு?"

"காலையிலேருந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தவள், மூலையில் அம்மா இருப்பது ஞாபகம் வந்து குரலை மாற்றிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, உடனே எந்த மருந்து, எத்தனை வேளைன்னு ஆரம்பிச்சுடுவார். எனக்கு மருந்து தெரியாதா? வலிக்குதுன்னு சொல்லணும், ஆமாம் வலிக்கும்தான்னு யாராவது சொல்லணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றேன் நான். பயிற்சிப்படி.

பிறகு அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் போடுகிற தேநீரில் சர்க்கரை அள்ளிக் கொட்டுகிறார், அவர் ஆசையாகக் கொண்டுவருகிறாரே என்று இத்தனை வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குத் தித்திப்பு பிடிக்கும் என்றல்லவா நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். "ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்தேன் சார். யாரும் இருக்க மாட்டாங்கன்னு ஒரு பயம். பார்த்தா, எங்க வீட்டுக்காரர் நாற்காலியிலேயே வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறார். என் செருப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு போலிருக்கு. எழுப்பலை. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

இதற்குக் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் வாசலில் கிடந்த அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா, "அவர் எப்பம்மா தவறினார்?" என்று கேட்டார். "அவர் ஒண்ணும் தவறலைங்க. பால்கனிப் பக்கம் போனவர், இன்னும் திரும்பலை" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் துடைத்துக்கொண்டேன், அதை இப்போது உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மாதக் கடைசியில் என்னைப் பற்றி அவளிடம் கருத்துக் கேட்டார்கள். "முன்னைக்கு இப்ப பரவாயில்ல. தலையை மட்டும் ரொம்ப ஆட்டறார்" என்று சொல்லியிருக்கிறாள். தொண்டர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினார்கள். மலருக்குப் படம் எடுத்த அன்று கம்பளியின் முனையைப் பிடிக்கிற வேலையும் தொண்டன் என்ற முறையில் எனக்குத்தான் வந்தது.

சங்கத்தால் சமூக நலம் பெருகுகிறதா என்று உங்கள் கடிதத்தில் குத்தலாகக் கேட்டிருந்தீர்கள். கண்ணெதிரே பெருகுகிறது. தினமும் நாலு மாடி ஏறி இறங்கியதில் பல் டாக்டருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மூச்சுப் பயிற்சிக்காரருக்கே இப்போதுதான் மூச்சு சரியாக வருகிறது. கதை படிக்கிறவருக்கு வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆள் இல்லையாம், இங்கே வந்த பிறகு தூக்கம் நன்றாக வருகிறதாம். நன்கொடையாளர்களும் தொண்டர்களும் நலமாக இருக்க ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆள் அவசியம் வேண்டியிருக்கிறது, அந்தப் பொறுப்பை உங்கள் தங்கை ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளை நீங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் இத்தனை பேரின் உடம்பு என்ன ஆவது? என் உடம்பை நான் சேர்க்கவில்லை.

ஆகவே தயவுசெய்து வர வேண்டாம். வந்தாலும் பார்த்துவிட்டு, நாலு மாடி ஏறிய களைப்பு தீரத் தங்கிவிட்டு, தனியாகத் திரும்பிப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் அவளைக் கைவிடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மணியடித்து வந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற நாட்களிலும் பேப்பரை மதியத்துக்கு மேல் தொடுவதில்லை. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எல்லா நலமும் வந்து சேர மனமார வாழ்த்துகிறேன். உங்கள் ரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதாவது இறங்கியிருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் தங்கையின் கணவன்
(முழங்கைக்குச் சொந்தக்காரன்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிவிட்டு, உங்கள் தங்கை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும் என்று மேசைமேல் வைத்திருந்தேன். அவளுக்குப் படிக்க நேரமே கிடைக்கவில்லை. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. மெத்தைக் கடை முதலாளிக்கு மாடி ஏறி ஏறி முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் படியே ஏறக் கூடாது என்றதும், கம்பளியைப் பார்க்காமல் இருக்க முடியாமல், சொந்தச் செலவில் இரண்டே நாளில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார். உள்ளே அவர் பெயர் போட்ட பித்தளைத் தகடு மின்னுகிறது. உங்கள் தங்கை அன்றே கீழே இறங்கினாள். காய்கறிக் கடையில் முக்கால் மணி நேரம் வாதாடி, கடைக்காரரைத் தலையில் கைவைக்க வைத்து, அரைக்கிலோ கத்திரிக்காயோடு திரும்பினாள். அவள் முகத்தை அப்போதுதான் படம் எடுத்திருக்க வேண்டும், யாருமே எடுக்கவில்லை. மறுநாள் சங்கத்துக்குள் நுழைந்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து அவள் அங்கே தொண்டர். இப்போது பின்தெருக்காரர்கள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குச் சங்கத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாவோடு தினமும் மல்லுக்கு நிற்கிறாள். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள்.

நான் பேப்பரை டெண்டர் விளம்பரம் வரை படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், தொந்தரவு செய்ய ஒரு ஆள் இல்லை. தேநீரில் சர்க்கரையைக் குறைத்துப் போடக் கற்றுக்கொண்டேன், குடிக்கத்தான் ஆள் இல்லை. போன வாரம் ஒருங்கிணைப்பாளர் அம்மா லிஃப்டில் மேலே வந்தார். குழாய்க்காரன் இந்த வீட்டில் ஏன் இருக்கிறான் என்று கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை. "தனியாவா சார் இருக்கீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் தோன்றியது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு தொண்டரை ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் தங்கையைத்தான். நீல மேல்சட்டையோடு வந்து மணியடிக்கிறாள், எதிரே உட்கார்ந்து எப்படி இருக்கீங்க சார் என்கிறாள், நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிறாள், ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறாள். அடுத்த வாரம் என்னைக் கம்பளியோடு படம் எடுக்கப்போகிறார்களாம். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தால் அது அவளுடையது.

ஆகவே மச்சான், நான் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். அழைத்துப் போக வேண்டியது என்னை. ஆனால் திங்கள் ராத்திரிக்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் வருகிற நாள்.